அப்புறம் பார்க்கலாம்

ஆகஸ்ட் 8, வியாழன்

ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு ஆசிரியர் எத்தனை நேரம் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும்? இருபத்து மூன்று வருடமாகக் கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்குகிறேன். எனக்குத் தெரியவில்லை.

இன்று முதுகலை முதலாமாண்டின் முதல் செமினார். சமூகவியலில் ‘உழைப்பும் வீடும்’ என்ற தாள். ஒன்பது பேர். துறை நூலகத்தின் நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். விரிவுரை கிடையாது, நான் கேட்க வேண்டும், அவர்கள் பேச வேண்டும் என்பது ஏற்பாடு.

விவாதத்தை உயிரோட்டமாக நடத்துவது எப்படி என்று ஜூலையில் எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். வந்தவர் ஒரு மஞ்சள் பந்தைக் கொடுத்து, பந்து யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேச வேண்டும் என்றார். பொருளியல் துறைக்காரர் பந்தை வாங்கிப் பக்கத்திலிருந்தவர் மடியில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எனக்கும் பந்தில் நம்பிக்கை இல்லை. என் வெள்ளைத் தாளில்தான் நம்பிக்கை. யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்களோ அப்படியே பெயர்களை எழுதிக்கொள்வேன். ஒருவர் பேசும்போதெல்லாம் அவர் பெயருக்கு எதிரே ஒரு கோடு. தாள் யாருக்கும் சலுகை காட்டாது.

‘வீட்டில் இருந்தபடி செய்யும் வேலையில், வேலை எங்கே முடிகிறது, ஓய்வு எங்கே தொடங்குகிறது?’ என்று கேட்டேன். மின்விசிறிச் சத்தம்தான் பதில். எட்டு நொடிக்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை; நானே பேச ஆரம்பித்துவிட்டேன். நிரஞ்சனா மட்டும் காப்பாற்றினார். சென்னையில் இளங்கலை முடித்துவிட்டு வந்தவர், புள்ளிவிவரங்களோடு தெளிவாகச் சொன்னார். ரூபன் எதிர்வாதம் செய்தார். கோடுகள்: நிரஞ்சனா ஏழு, ரூபன் ஐந்து. மற்ற ஏழு பேர் வாயே திறக்கவில்லை.

கண்ணாடிக் கடையில் புது லென்ஸ் வரவில்லை. சனிக்கிழமை வரச் சொன்னார்கள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மேல் தொட்டியின் மிதவை பழுது. செல்லத்தாய் ஒன்பது மணிக்குத்தான் வந்தாள். ஏழு வருடமாக இந்த வீட்டில் வேலை செய்கிறாள்; என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள்.

“நீ எட்டு மணிக்கு வந்துருவேன்னு பாத்தா, ஒம்பது ஆக்கிட்டியே.”

“மினி பஸ்சு வரலம்மா. நடந்தே வாரேன். நீங்க காப்பி குடிச்சீகளா?”

குடிக்கவில்லை. போட்டுக் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 19, திங்கள்

உதவித்தொகைப் படிவங்கள் நான்கு. சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிப் புத்தக நகல் எல்லாம் சரிபார்த்துக் கையெழுத்திட்டேன். மதியம் தலைவலி.

ஆகஸ்ட் 22, வியாழன்

மேஜையை ஒதுக்கிவிட்டு நாற்காலிகளை வட்டமாகப் போட்டேன். மேஜை இல்லாமல் கையை எங்கே வைப்பது என்று எல்லோருக்கும் குழப்பம். எனக்கும்தான்.

எட்டுப் பேர்தான் வந்தார்கள். பேச்சியம்மாள் வரவில்லை, அம்மாவுக்குக் காய்ச்சல் என்று விடுப்புக் கடிதம் கொடுத்து அனுப்பியிருந்தாள். கோடுகள்: நிரஞ்சனா ஒன்பது, ரூபன் எட்டு. மாடசாமிக்கு ஒன்று. அதுவும் ஜன்னலைச் சாத்தட்டுமா என்று கேட்டான். நான் கோடு போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

இன்று நன்றாகப் போயிற்று.

மேஜையைத் திரும்பப் போட்டாயிற்று. வீட்டு வேலைக்கு நேரம் கணக்கிடுவது பற்றிய கட்டுரை. வழக்கமான அமைதி. நிரஞ்சனாகூட இன்று யோசித்துக்கொண்டிருந்தார். பேச்சியம்மாள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அதிலேயே கண்ணாக இருந்தாள். எனக்கு என்ன தோன்றியதோ, “பேச்சின்னு பேர வச்சுக்கிட்டு இப்படி ஒரு வார்த்த வரமாட்டேங்குதே உனக்கு” என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவளும் சிரித்தாள். மூன்று வாரத்தில் முதல்முறையாக அறை இளகியது. அதன்பிறகு ஐந்து பேர் பேசினார்கள்.

பயிற்சிக்காரர் சொன்னதில் ஒன்றாவது உண்மை போலிருக்கிறது: சிரிக்க வைத்தால் பேசுவார்கள்.

லென்ஸ் வந்துவிட்டது. கிட்டத்தில் இருப்பது இப்போது தெளிவாகத் தெரிகிறது.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். பேனாவும் ஒரு பூங்கொத்தும் கொடுத்தார்கள். பூங்கொத்தைத் துறை அலுவலகத்திலேயே வைத்துவிட்டேன். பேச்சியம்மாள் வரவில்லை. கடிதமும் இல்லை.

செப்டம்பர் 12, வியாழன்

பேச்சியம்மாள் இன்றும் வரவில்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

துறைத்தலைவர் கதிரேசன் சார் கூப்பிட்டு அனுப்பினார். வருகைப் பதிவேடு அவர் மேஜையில் திறந்திருந்தது.

“இந்தப் பொண்ணு உங்க செமினாருக்கு மூணு நாள் வரல. பாத்தீங்களா?”

பார்த்திருந்தேன். பருவத்துக்குப் பன்னிரண்டு அமர்வுகள். ஒன்பதுக்காவது வந்தாக வேண்டும். மூன்று விடுப்பும் முடிந்துவிட்டது. அடுத்த வியாழனும் வராவிட்டால் இந்தத் தாள் எழுத முடியாது.

“உடம்பு சரியில்லையோ என்னவோ சார்.”

“உடம்புக்கென்ன? மத்த எல்லா கிளாசுக்கும் வருது. வியாழக்கிழம உங்க நேரத்துல மட்டும் பெரிய லைப்ரரில போயி உக்காந்திருக்குதாம். நம்ம அட்டெண்டர் பாத்திருக்காரு.”

பதிவேட்டில் அவள் பெயர் இருந்த வரியைப் பார்த்தேன்.

“ஒரு தாள்ல வருகை கொறஞ்சாலும் உதவித்தொகைய நிறுத்திருவான். நின்னுச்சுன்னா அது திரும்பி வராது மேடம், நா எத்தனையோ பாத்தாச்சு. நேராத் துணிக்கடை வேலைதான். பேசாம ரெண்டு நாளைக்கு வந்ததாப் போட்டுருங்க. யாரு கேக்கப் போறா?”

“வராதவங்களுக்கு எப்படி சார் போடறது?”

“நீங்க எப்பவும் இப்படித்தான்” என்று சிரித்துக்கொண்டே பதிவேட்டை மூடினார்.

வராந்தாவில் ரூபன் நின்றுகொண்டிருந்தார். 29ஆம் தேதி ஏதாவது நடந்ததா என்று கேட்டேன்.

“ஒண்ணும் நடக்கல மேடம். வேணும்னா நீங்களே கேட்டுப் பாருங்க. ரெக்கார்டிங் இருக்கு.”

“யாரக் கேட்டு ரெக்கார்ட் பண்றீங்க?”

“நோட்ஸ் எடுக்கத்தான் மேடம். நீங்க வேகமாப் பேசுறீங்க, மாடசாமிக்குக் கை ஓடல. குரூப்ல போடுவேன்.” அவர் போனை எடுத்தார். “அழிச்சிரட்டுமா?”

“வேண்டாம். மொத நாள்ல இருந்து எல்லாத்தையும் எனக்கு அனுப்புங்க.”

செப்டம்பர் 15, ஞாயிறு

காலை ஏழிலிருந்து பதினொன்று வரை கேட்டேன். கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டே கேட்கலாம் என்று உட்கார்ந்தேன். கறிவேப்பிலை அப்படியே கிடக்கிறது.

நடந்தவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 8. நான் கேள்வி கேட்கிறேன். அமைதி. நான் எழுதியது போல நானே பேச ஆரம்பிக்கவில்லை. அதற்கு முன்னால் ஒரு குரல் வருகிறது. மெல்லிய குரல், ஆனால் தெளிவாகக் கேட்கிறது. “மேடம், எங்க ஊர்ல பீடி சுத்துறவங்க பேசிக்கிட்டேதான் சுத்துவாங்க. அந்தப் பேச்சு வேலையா, ஓய்வா?” பேச்சியம்மாளின் குரல்.

உடனே என் குரல். “சரி, அத அப்புறம் பாக்கலாம். நீ உக்காரு. நிரஞ்சனா, நீங்க சொல்லுங்க.”

அன்றைய தாளை எடுத்துப் பார்த்தேன். அவள் பெயருக்கு எதிரே ஒரு கோடுகூட இல்லை. இரண்டு மணி நேரப் பதிவில் அந்த ‘அப்புறம்’ எங்கும் வரவில்லை. அன்று இந்த நோட்டிலும் ‘வாயே திறக்கவில்லை’ என்றுதான் எழுதியிருக்கிறேன். பொய் எழுதவில்லை. அப்படித்தான் என் நினைவில் இருந்தது. அதுதான் கவலையாக இருக்கிறது.

ஆகஸ்ட் 29. அமைதியாக இருந்த நிரஞ்சனாவிடம் நான் சொல்வது: “அவசரமில்ல, நீங்க யோசிச்சுச் சொல்லுங்க.” அரை நிமிடம்கூட ஆகவில்லை, அதே போல அமைதியாக இருந்த பேச்சியம்மாளிடம் நான் சொல்வது ஏற்கெனவே இந்த நோட்டில் இருக்கிறது. சிரிப்புச் சத்தம் நான் நினைத்திருந்ததைவிட நீளம். அவளும் சிரித்தாள் என்று எழுதியிருக்கிறேன். பதிவில் அது தெரியாது.

பிறகு ஒரு தாள் எடுத்து, என் வழக்கப்படி, பெயர்களை எழுதி எண்ணினேன். நான் யாரை ‘நீங்க’ என்கிறேன், யாரை ‘நீ’ என்கிறேன். ஐந்து பேர் நீங்க. நான்கு பேர் நீ. ஒரு தடவைகூட மாறவில்லை. மாடசாமி நீ. மாடசாமிக்கு ரூபனைவிட இரண்டு வயது கூட.

வாஞ்சையால் நீ என்று சொல்வதும் உண்டு என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அந்த நான்கு பேர் மேல் மட்டும் எனக்கு என்ன வாஞ்சை? அவர்களைப் பற்றி எனக்குத் தனியாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அதற்கு ஆகஸ்ட் 19ஆம் தேதிக் குறிப்பைப் பார்க்கவும். அதே நான்கு பெயர்கள். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

என் ஆராய்ச்சிக் காலத்தில் என் நெறியாளர் என்னை எப்படி அழைத்தார், என்னோடு சேர்ந்த ஆண்களை எப்படி அழைத்தார் என்பதும் நினைவுக்கு வந்தது. அதையும் எழுதப் போவதில்லை.

இந்த நோட்டின் முந்தைய பக்கங்களைப் புரட்டினேன். இங்கும் அதேதான். நிரஞ்சனா ‘சொன்னார்’, மாடசாமி ‘கேட்டான்’. அடித்துத் திருத்தலாம் என்று பேனாவை எடுத்தேன். திருத்திவிட்டால் இருந்தது தெரியாமல் போய்விடும். விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 16, திங்கள்

செல்லத்தாய் வந்தார். இப்படி எழுதும்போது கை தயங்குகிறது.

“வாங்க. சாப்டீங்களா?” என்றேன்.

கையிலிருந்த விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னையே பார்த்தார்.

“என்னம்மா தப்பு செஞ்சேன்?”

“ஒண்ணும் இல்லையே.”

“ஒண்ணும் இல்லாமயா வாங்க போங்கங்கீக? வேலைக்கு வேற ஆளு பாத்துட்டீகளா? அப்படின்னா நேராச் சொல்லிருங்க. ஏழு வருசமாச்சு, மொகத்துக்கு நேரா சொல்லுங்க.”

அப்படி இல்லை என்று விளக்க முயன்றேன். வகுப்பு, பதிவு, நீ, நீங்க. பாதியிலேயே எனக்கே அபத்தமாக இருந்தது. அவர் கேட்டுவிட்டு, “காலேசுல ஏதோ வருத்தம், அத இங்க வந்து எறக்குதீக. நீங்க பழையபடி பேசுங்கம்மா, பயமா இருக்கு” என்றார்.

பிறகு பாத்திரம் துலக்கும்போது, உள்ளேயிருந்து, எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னது போலிருந்தது: “மொத நாளே சொல்லியிருக்கணும் அதெல்லாம்.”

நான் பழையபடி பேசவில்லை. நாள் முழுவதும் அவரை எந்தச் சொல்லாலும் அழைக்காமலே ஓட்டிவிட்டேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

எரிவாயு உருளை வந்தது. சல்லடைக்குப் பிடி ஒடிந்துவிட்டது.

பேச்சியம்மாளைக் கூப்பிட்டு அனுப்பலாமா என்று இரண்டு முறை யோசித்தேன். கூப்பிட்டு அனுப்பினால் என் அறையில் வந்து நிற்க வேண்டும். நான் உட்கார்ந்திருப்பேன். வேண்டாம்.

செப்டம்பர் 18, புதன்

மூன்றரை மணிக்குப் பெரிய நூலகத்துக்குப் போனேன். ஜன்னலோர மேஜையில் பேச்சியம்மாள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். வெளியே குடிநீர்க் குழாய்ப் பக்கம் நின்று பேசினோம். இரண்டு பேருக்கும் நின்றுகொண்டுதான் பேச்சு.

“நாளைக்கு வரியா?” என்று ஆரம்பித்துவிட்டேன். மூன்று நாளாகப் பாடம் பண்ணியும் அதுதான் வந்தது. “வரீங்களா?” என்று திருத்தினேன்.

அவர் என்னைக் கவனமாகப் பார்த்தார். “எப்படி வேணும்னாலும் கூப்பிடுங்க மேடம்.”

“அன்னைக்கு உங்க பேர வச்சு நான் சொன்னது தப்பு.”

“பேருக்கென்ன மேடம். எங்க குலசாமி பேரு. ஆறாங்கிளாஸ்ல இருந்தே எல்லாரும் அதத்தான் சொல்லுதாங்க. எனக்கு மரத்துப் போச்சு.”

“அப்ப ஏன் வரல?”

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பேச வேண்டும் போல எனக்கு வாய் பரபரத்தது. பேசவில்லை. அவர் குழாயை இறுக்கி மூடினார். அது மறுபடி சொட்டியது.

“நீன்னு சொன்னது எனக்குப் பெரிசில்ல மேடம். எங்க வீட்டுல எல்லாருக்கும் எல்லாரும் நீதான். எங்கம்மாவ நானே வா போன்னுதான் சொல்லுவேன்.” குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நிரஞ்சனாவ நீங்கன்னு சொல்லுதீங்கல்ல. அதான். நாங்க ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து சேர்லதான் உக்காந்திருக்கோம்.”

நான் தலையசைத்தேன் என்று நினைக்கிறேன்.

“மொத நாள் நீங்க கேட்ட கேள்விய நான் சரியாக் கவனிக்கல.”

“கவனிச்சீங்களே மேடம். அப்புறம் பாக்கலாம்னு சொன்னீங்களே. அடுத்த தடவ கேப்பீங்கன்னு எங்கம்மாகிட்ட, பக்கத்து வீட்டு அத்தைகிட்ட எல்லாம் விசாரிச்சு நோட்டுல எழுதிக்கிட்டு வந்தேன். தெறந்தும் வச்சிருந்தேன்.” அவர் சிரித்தார். 29ஆம் தேதி சிரித்ததும் இதே சிரிப்பாகத்தான் இருக்கும். “நீங்க வேற சொல்லிட்டீங்க.”

வருகை விவரத்தைச் சொன்னேன். நாளை வராவிட்டால் தாள் போய்விடும், உதவித்தொகையும் நின்றுவிடும். அவருக்குத் தெரிந்திருந்தது.

“தெரிஞ்சுமா?”

“தெரியும் மேடம். எங்கம்மாகிட்ட இன்னும் சொல்லல. சொன்னா வந்து உங்க கால்ல விழுந்துரும்.”

“கதிரேசன் சார் ரெண்டு நாள் போட்டுரச் சொன்னாரு. நான் போடல.”

“நல்லவேள” என்றார். அது எனக்குச் சொன்னதா, தனக்குத் தானே சொன்னதா என்று தெரியவில்லை.

நான்கு மணிப் பேருந்தின் ஹாரன் ஒலி கேட்டது. பையை எடுத்துக்கொண்டார்.

“நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க.”

“பாப்போம் மேடம்.”

நாளைக்கு வருவாரா என்று ஊகித்து எழுதப் போவதில்லை. என் ஊகங்களின் லட்சணத்தை ஞாயிற்றுக்கிழமை பார்த்தாயிற்று.

செப்டம்பர் 19, வியாழன்

நடந்தது இது.

பத்து மணிக்கு எட்டுப் பேர் இருந்தார்கள். பதிவேட்டைத் திறக்கவில்லை. ஜன்னலைத் திறக்க முடியுமா என்று மாடசாமியைக் கேட்டேன். “மாடசாமி, அந்த ஜன்னலக் கொஞ்சம் தெறங்க.” அவர் எழுந்து, பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, “என்னயா மேடம்? பின்னால எங்கப்பா நிக்காரோன்னு பாத்தேன்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

பத்து ஏழுக்குப் பேச்சியம்மாள் வந்தார். நிரஞ்சனாவின் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்காரவில்லை. கதவோரம் இருந்த ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

“மொத நாள் இங்க ஒரு கேள்வி வந்துச்சு” என்றேன். “நான் அப்புறம் பாக்கலாம்னு சொல்லிட்டு விட்டுட்டேன். அது என் தப்பு. கேட்டவங்க திரும்பக் கேட்டா அதுல இருந்து ஆரம்பிக்கலாம். இல்லன்னா பரவாயில்ல.”

யாரையும் பார்க்காமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நொடி. இருபது. ரூபன் நாற்காலியை நகர்த்தினார். நிரஞ்சனா எதையோ சொல்ல வாயெடுத்தார். நான் கையை உயர்த்தினேன், அவர் நிறுத்திக்கொண்டார். நாற்பது. ஒரு நிமிடம் ஆனபோது, கேட்க எனக்குத் தகுதியில்லாததைக் கேட்டுவிட்டேன் என்று தோன்றியது. ஒரு நிமிடம் பத்து நொடியில் பையின் ஜிப் சத்தம் கேட்டது. பிறகு பக்கம் புரட்டும் சத்தம்.

“பீடி சுத்தும்போது பேசிக்கிட்டே சுத்துதோம்” என்று பேச்சியம்மாள் வாசித்தார். “அந்தப் பேச்சு வேலையா, ஓய்வா?”

“ஓய்வுதான்” என்றார் ரூபன். “பேசுறதுக்கா கூலி குடுக்குறாங்க?”

“பேசாம சுத்திப் பாரு. அரை மணி நேரத்துல கண்ணு சொக்கும். நூலு பிசகும். தட்டுல பாதி கழிவாப் போகும். பேச்சு இல்லன்னா கை ஓடாது.”

“அப்ப பாட்டு கேட்டா?”

“பாட்டு கேட்டா பதில் சொல்ல வேண்டாம்ல. பதில் சொல்லணும், அதான் முழிப்பு. எங்கம்மா சொன்னது இது, நா சொல்லல.” நோட்டைத் தட்டிக் காட்டினார்.

மாடசாமி குறுக்கே வந்தார். “எங்கம்மா செங்கச் சூளையில. அங்க பேசுனா மேஸ்திரி ஏசுவாரு. அப்ப அங்க அது ஓய்வுன்னு அவருக்குத் தெரியுது, இங்க வேலைன்னு யாருக்குத் தெரியும்?”

“வீட்டுல வச்சு சுத்தச் சொல்லுதவனுக்குத் தெரியும்” என்றார் பேச்சியம்மாள். “அதான் வீட்டுக்கே குடுத்து விடுதான்.”

நிரஞ்சனா குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். பேனாவை நிறுத்தி, “நான் படிச்ச எதுலயும் இது இல்ல” என்றார். பேச்சியம்மாள் நோட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

ஒன்றே முக்கால் மணி நேரம் போனது. இடையில் ரூபன் என் பக்கம் திரும்பி, “மேடம், நீங்க சொல்லுங்க, எதுதான் சரி?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். அவர் நம்பவில்லை.

முடியும்போதுதான் மேஜையில் கிடந்த தாளைப் பார்த்தேன். பெயர்கள் எழுதியிருந்தேன். கோடுகள் எதுவும் போடவில்லை. பதிவேட்டைத் திறந்து ஒன்பது பேருக்கும் வருகை போட்டேன்.

மணி அடித்தது. தாள்களை அடுக்கிக்கொண்டே, பழக்கதோஷத்தில், “சரி, மிச்சத்த அப்புறம் பாக்கலாம்” என்றேன்.

யாரும் எழுந்திருக்கவில்லை. எட்டுப் பேரும் கதவுப் பக்கம் பார்த்தார்கள்.

“எப்ப மேடம்?” என்று கேட்டார் பேச்சியம்மாள்.

“அடுத்த வியாழன். பத்து மணி.”

அவர் பேனாவைத் திறந்து நோட்டில் அதை எழுதிக்கொண்டார்.